கப்பலில் யாருக்கு எந்த அறை?

போன ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் தெருக்காரர் ஒருவர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் என் பெரியவன் வேலை பார்க்கும் கம்பெனியில்தான் அவருக்கும் வேலை. "ஐயா, நீங்க குடும்பத்தோட கப்பல்ல போயிட்டு வந்தவங்க. நாங்க பதினாலு பேர் போறோம், அதுல அஞ்சு வாண்டுங்க. எந்த ரூம் போடலாம், பார்த்துச் சொல்லுங்க" என்றார்.

திரையில் கப்பலின் படம். அடுக்கடுக்காக டெக், ஒவ்வொரு டெக்கிலும் தீப்பெட்டி அடுக்கியதுபோல அறைகள். மேல் டெக்கில் பால்கனி உள்ள பெரிய அறையை அவர் ஏற்கெனவே தம் பெற்றோருக்கென்று குறித்து வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. மூன்று வருடத்துக்கு முந்தைய ஓர் இரவு ஞாபகம் வந்துவிட்டது. அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் கதை. 2022 ஜூன் 4 அன்று சென்னைத் துறைமுகத்திலிருந்து கார்டிலியா நிறுவனத்தின் 'எம்ப்ரஸ்' கப்பல் புறப்பட்டதும், முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் அதைத் தொடங்கி வைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். விசாகப்பட்டினம், புதுச்சேரி போய் வரும் திட்டமும் இருந்தது. எங்கள் ஊர் அரசு அப்போது அனுமதி தரவில்லை, அது வேறு கதை. கரையைவிட்டுப் போய்க் கடலிலேயே சுற்றித் திரும்பும் இரண்டு இரவுப் பயணமும் உண்டு. ஆகஸ்டில் அதற்குத்தான் போனோம். நானும் என் மனைவியும், பெரியவன் குடும்பம் நான்கு பேர், சின்னவன் குடும்பம் கைக்குழந்தையோடு மூன்று பேர், மகள் குடும்பம் நான்கு பேர். ஆக மொத்தம் பதின்மூன்று தலை. பேரப் பிள்ளைகள் ஐவர்: எட்டு, ஆறு, ஐந்து, மூன்று வயது, கடைசியாகப் பத்து மாதம்.

அந்தக் கப்பல் பற்றி ஒரு வார்த்தை. பிரான்சில் சேன் நசேர் கப்பல் தளத்தில் கட்டியது, 1990இல் 'நோர்டிக் எம்ப்ரஸ்' என்ற பெயரோடு கடலுக்கு வந்தது. மூன்று நான்கு நாள் போய்த் திரும்பும் குறும்பயணத்துக்கென்றே கட்டிய கப்பல். பிரெஞ்சில் படித்தவனுக்கு இது போதாதா? பிள்ளைகளைக் கூட்டி உட்கார வைத்துப் பாடம் எடுத்துவிட்டேன். கப்பலில் முன்னோக்கி நின்றால் இடது பக்கம் பாபோர், வலது பக்கம் திரிபோர். மறக்காமலிருக்க எங்கள் வாத்தியார் 'பாத்ரி' என்ற சொல்லைச் சொல்லிக் கொடுத்தார். அதில் முதலில் வரும் 'பா' இடம், பின்னால் வரும் 'த்ரி' வலம். பேத்தி உடனே பிடித்துக்கொண்டாள். நான் கேபினை 'கபீன்' என்று சொல்வதைக் கேட்டு எல்லாரும் சிரித்தார்கள்.

அறை பிடித்தது பெரியவன். ஒரு ஏஜென்ட் மூலமாகப் பிடித்தான். மேல் டெக்கில் முன்பக்கமாக, பால்கனியோடு பெரிய அறை எனக்கும் என் மனைவிக்கும். "அப்பா ஆயுசு பூரா ஃபைலையே பார்த்தவர், ரெண்டு நாள் கடலைப் பார்க்கட்டும்" என்றான். கேட்க நன்றாகத்தான் இருந்தது. சின்னவனுக்கு ஜன்னல் உள்ள அறை, நடு டெக்கில். பெரியவனும் மகளும் கீழே, ஜன்னலே இல்லாத உள் அறைகளில், அறைக்கு நான்கு பேர். நான்கு அறை, மூன்று டெக். பெரியவர்களுக்கு உயர்ந்தது, மற்றவர்களுக்கு மிஞ்சியது என்று கல்யாணப் பந்தியில் இலை போடுவதுபோலப் போட்டிருந்தான். எனக்கு அப்போது ஒன்றும் தப்பாகத் தெரியவில்லை. முதல் சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து சென்னை விளக்குகள் சின்னதாகிப் போவதைப் பார்த்தேன். சந்தோஷமாகவே இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

இரவு பத்து மணிக்கு மேல் கப்பல் கொஞ்சம் ஆடத் தொடங்கியது. பெரிய ஆட்டம் இல்லை. ஆனால் சின்ன மருமகளுக்கு வாந்தி, குழந்தை விடாமல் அழுகை. சின்னவன் போன் செய்தான், என் மனைவி இறங்கிப் போனாள். போனவள் அங்கேயே இருந்துவிட்டாள். அந்தப் பெரிய அறையில் நான் ஒருவன் மட்டும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தேன்.

என் ஐந்து வயதுப் பேரன் புதுவாயல் வீட்டில் பிறந்த நாள் முதல் பாட்டியோடு படுப்பவன். நடுராத்திரி எழுந்தால் பாட்டியின் புடவையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பத் தூங்குவான். கப்பலில் ஒரு மணி வாக்கில் எழுந்திருக்கிறான். தொட்டுப் பார்த்தால் பாட்டி இல்லை. அம்மா அசந்து தூங்குகிறாள், அப்பா மேல் கட்டிலில். கதவுப் பிடியை அழுத்தினான், திறந்துகொண்டது. உள்ளிருந்து சாவி இல்லாமல் திறக்கத்தான் வேண்டும், ஆபத்து நேரத்தில் அதுதான் உயிரைக் காக்கும். அவன் வெளியே வந்ததும் கதவு தானே மூடிப் பூட்டிக்கொண்டது. தீ பரவாமலிருக்கக் கப்பல் கதவுகள் தாமாக மூடிக்கொள்ளும்படி வைத்திருப்பார்கள். நீண்ட நடை, ஒரே நிறக் கம்பளம், இரண்டு பக்கமும் ஒரே மாதிரிக் கதவுகள். பாட்டி மேலே இருக்கிறாள் என்பது மட்டும் அவனுக்குத் தெரியும். படிக்கட்டைப் பார்த்ததும் ஏறிவிட்டான்.

இரண்டு டெக் தாண்டிப் படியில் உட்கார்ந்து அழுதவனை ஒரு பணியாளர் பார்த்துத் தூக்கிக்கொண்டார். அறை எண் கேட்டால் தெரியவில்லை. எந்த ஊர் என்று கேட்டதற்கு "புதுவாயல், பெரியபாளையம் போற ரோடு" என்றிருக்கிறான். தொலைந்து போனால் சொல்லவேண்டும் என்று நாங்கள் மனப்பாடம் செய்துவைத்த விலாசம் அது. நடுக்கடலில் அதை வைத்து என்ன செய்வது? அப்புறம் பேரைக் கேட்டுப் பட்டியலைப் பார்த்து அறைக்குப் போன் செய்து கொண்டுவந்து விட்டார்கள். முழுசாக இருபது நிமிடம். அவன் ஏறிய படி இன்னும் இரண்டு சுற்றுப் போனால் திறந்த டெக். நான் அதற்குமேல் யோசிப்பதில்லை. பெரிய மருமகள் இன்றைக்கும் அதைப் பற்றிப் பேச ஒப்பமாட்டாள்.

கப்பல்காரர்கள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. தப்பு எங்கள் பட்டியலில். யாருக்கு மரியாதை, யாருக்கு எவ்வளவு காசு என்று பார்த்து அறை பிரித்தோம். இரவில் யார் யாரைத் தேடுவார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை.

இந்தக் கேள்வியை என் அத்தை கேட்டிருப்பாள். புதுச்சேரியிலிருந்து சைகோனுக்குப் பட்டாளத்திலும் அலுவலகங்களிலும் வேலைக்குப் போனவர்களின் குடும்பங்கள் மெஸ்ஸாழெரி மரித்தீம் கப்பல்களில் போய் வந்த காலம். அந்த நாளில் எங்கள் ஊரில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. தூரத்தில் நங்கூரம் போடும், சலங்கில் ஏறிப் போய்க் கப்பலுக்கு மாறவேண்டும். (சலங்கு என்ற நம் சொல்லைத்தான் பிரெஞ்சுக்காரர் 'ஷெலங்' என்று எழுதிக்கொண்டார்கள்.) காசுள்ளவர்களுக்கு முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு. அத்தை மூன்று பிள்ளைகளோடு போனது கடைசி வகுப்பில், கீழ்த்தளத்தில், பத்து இருபது பேரோடு. இரவில் மூன்று பிள்ளைகளின் அரைஞாண் கயிற்றையும் தன் முந்தானையில் முடிந்துகொண்டுதான் படுப்பாளாம். "கண்ணு மூடுனா என்ன, முந்தானை முழிச்சிருக்கும்" என்பாள். காசு கொடுத்து நாங்கள் வாங்கிய நான்கு அறைகளிலும் அந்த முந்தானை இல்லை.

ஆகவே தெருக்காரரிடம் நான் முதலில் சொன்னது இது. மடிக்கணினியை மூடுங்கள். ஒரு காகிதம் எடுங்கள். வீட்டில் இப்போது யார் யாரோடு படுக்கிறார்கள், யார் ராத்திரி எழுகிறார்கள், யாருக்குப் பால், யாருக்கு மாத்திரை, யாருக்குச் சிறுநீர்த் தொந்தரவு, இதை எழுதுங்கள். நான் முப்பத்தைந்து வருடம் குமாஸ்தா. குறிப்பு சரியாக இருந்தால்தான் உத்தரவு சரியாக வரும். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் அறை.

அடுத்தது கதவுகள். அறைக்குள் இருக்கும் வசதியைவிட அறைக் கதவுகள் எவ்வளவு பக்கத்தில் இருக்கின்றன என்பது பெரிது. சில அறைகளுக்கு நடுவில் உட்கதவு இருக்கும், அதைத் திறந்துவிட்டால் இரண்டும் ஒன்று. சிறு பிள்ளைகள் உள்ள குடும்பத்துக்கு இதைவிட நல்லது இல்லை. ஆனால் 'பக்கத்துப் பக்கத்து அறை' வேறு, 'உட்கதவு உள்ள அறை' வேறு. ஏஜென்ட் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லுவார். எங்களிடமும் மகளுக்கும் பெரியவனுக்கும் "ரெண்டும் கனெக்டிங் சார்" என்றுதான் சொன்னார். போய்ப் பார்த்தால் நடுவில் சுவர். அறை எண்ணை வாங்கி, கப்பலின் டெக் படத்தில் அந்த எண்களுக்கு நடுவே குறி இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். அப்படிப்பட்ட அறைகள் குறைவு, முதலில் கேட்பவருக்குப் போய்விடும். அது கிடைக்காவிட்டால் எதிரெதிர்க் கதவு. நடையின் ஒரு பக்கம் ஜன்னல் அறை, எதிரே உள் அறை என்று இரண்டு விலையிலும் கிடைக்கும். இரண்டு எட்டு வைத்தால் அடுத்த கதவு.

மலிவு விலைக்கு ஒரு வகை டிக்கெட் விற்பார்கள். வகை மட்டும் நாம் சொல்லவேண்டும், அறை எண்ணைப் பிறகு அவர்களே போடுவார்கள். தனி ஆளுக்கு, புதுமணத் தம்பதிக்குச் சரி. பிள்ளை குட்டிகளோடு போகும் கூட்டுக் குடும்பம் அதை வாங்கக்கூடாது. ஒருவர் மூக்கிலும் ஒருவர் வாலிலும் கிடப்பீர்கள்.

இதில் வசதி மட்டுமல்ல, இன்னொன்றும் இருக்கிறது. ஆபத்து வந்தால் எங்கே போய்க் கூடவேண்டும் என்பதைப் பெரும்பாலும் அறையை வைத்துத்தான் தீர்மானிக்கிறார்கள். அறைகள் கப்பலின் வேறு வேறு கோடியில் இருந்தால் ஒரே குடும்பம் வேறு வேறு இடத்தில் கூடவேண்டி வரலாம். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. ஒத்திகை நடந்தபோது நாங்கள் ஒரு பக்கம், பேரப் பிள்ளைகள் வேறு பக்கம். 2012 ஜனவரியில் இத்தாலிக் கரையோரம் 'கோஸ்டா கொன்கோர்தியா' பாறையில் மோதிச் சாய்ந்தபோது, அன்றைக்கு ஏறிய பயணிகள் பலர் ஒத்திகையே பார்த்திருக்கவில்லை. அதன் பிறகுதான் கப்பல் புறப்படுவதற்கு முன்போ, புறப்பட்ட உடனேயோ ஒத்திகை நடத்தியாக வேண்டும் என்று சர்வதேச விதியை மாற்றினார்கள். 2015 முதல் அது நடைமுறை. தமிழர்களுக்கு இதில் சொந்த நினைவும் உண்டு. சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய 'சிதம்பரம்' கப்பலை வயதானவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அதுவும் பிரெஞ்சுக் கப்பல்தான். 'பஸ்த்தேர்' என்ற பெயரோடு மெஸ்ஸாழெரி மரித்தீம் ஓட்டியது, பிறகு நம் அரசின் கப்பல் கழகம் வாங்கியது. 1985 பிப்ரவரியில் சிங்கப்பூரிலிருந்து திரும்பும் வழியில் அதில் தீப்பிடித்துப் பலர் இறந்தார்கள். அப்படி ஒரு வேளையில் தகப்பன் ஒரு டெக்கிலும் பிள்ளை ஒரு டெக்கிலும் இருந்தால் என்ன ஆகும்? ஒருவரைத் தேடி ஒருவர் கூட்டத்துக்கு எதிராக ஓடுவார்கள். ஏறியவுடன் குழந்தைகள் அளவு உயிர்காப்புச் சட்டை அறையில் இருக்கிறதா என்று பாருங்கள், கைக்குழந்தைக்குத் தனி அளவு உண்டு, கேட்டு வாங்கவேண்டும்.

கைக்குழந்தைக்கு டிக்கெட் எதற்கு என்று தெருக்காரர் கேட்டார். பேருந்து இல்லை ஐயா. உயிர்காப்புப் படகில் அந்தக் குழந்தையும் ஓர் ஆள். அதனால்தான் அறையில் கட்டில் இருந்தாலும் சில சமயம் மூன்றாவது, நான்காவது ஆளுக்கு இடம் தர மறுப்பார்கள், அந்தப் பகுதிப் படகுக் கணக்கு முடிந்திருக்கும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையைப் பல கப்பல்களில் ஏற்றவே மாட்டார்கள், நீண்ட பயணத்துக்கு ஒரு வயது கேட்பார்கள்.

இப்போது நான்கு பேர் ஓர் அறை என்ற விஷயம். அறை விலை இரண்டு பேர் கணக்கில் போடுவது வழக்கம், மூன்றாவதும் நான்காவதும் மலிவு. காசு மிச்சம் என்று எல்லாரையும் ஒன்றில் திணிப்பார்கள். நாங்களும் திணித்தோம். நூற்றுச் சொச்சம் சதுர அடி. கீழே இரண்டு கட்டில், சுவரிலிருந்தோ கூரையிலிருந்தோ இழுத்து விரிக்கும் மேல் கட்டில் இரண்டு. மேலே ஆறு வயதுக்குக் குறைந்த பிள்ளையைப் படுக்க வைக்கக்கூடாது. அப்படியானால் அப்பா மேலே, அம்மா கீழே இரண்டு பிள்ளைகளுக்கு நடுவே. தொட்டில் கேட்டால் மடக்குத் தொட்டில் தருவார்கள், போட்டால் குளியலறைக் கதவு திறக்காது. ராத்திரி எழுகிற வேலை முழுக்க யார் தலையில் விழும் என்று நான் சொல்லத் தேவையில்லை. இரண்டு நாளும் என் மகள் கடலையே பார்க்கவில்லை. துவைத்தாள், துடைத்தாள், தூங்க வைத்தாள். பால்கனிக்குக் கொடுத்த காசில் அவளுக்கு இன்னொரு உள் அறை வந்திருக்கும். இதைச் சொன்னால் பெரியவன், "நீங்க அப்ப சொல்லலியேப்பா" என்பான். சொல்லவில்லைதான்.

எந்த இடம் என்று கேட்டால், நடுவும் கீழும். கப்பல் சீசா பலகை மாதிரி. நுனியில் உட்கார்ந்தவன்தான் ஏறி இறங்குவான், நடுவில் இருப்பவனுக்கு அவ்வளவு இல்லை. மேல் டெக்கும் அணியமும், அதாவது முன்மூக்கும், அதிகம் ஆடும். இந்த விஷயத்தில் எங்களுக்குக் கொடுத்த உயர்ந்த அறைதான் மட்டமான அறை. மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்பதையும் படத்தில் பாருங்கள். தலைக்கு மேல் ஆட்டக்கூடமோ, நாற்காலி இழுக்கும் சாப்பாட்டுக்கூடமோ இருந்தால் குழந்தை தூங்காது. மேலும் கீழும் அறைகளே உள்ள டெக் நல்லது. எஞ்சின் உறுமலுக்குப் பயப்படவேண்டாம். நெடுஞ்சாலை லாரிச் சத்தத்தில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளுக்கு அது தாலாட்டு.

ஜன்னல் இல்லாத அறை மூச்சு முட்டும் என்று பயப்படுகிறார்கள். காற்று குழாயில் வரும், முட்டாது. ஜன்னல் அறையிலும் கண்ணாடி திறக்காது. உள் அறையின் இருட்டு ஒரு வரம், பகலிலும் குழந்தை தூங்கும். குளியலறை விளக்கைப் போட்டுக் கதவை ஒரு விரற்கடை திறந்து வைத்தால் போதும். கடல் வேண்டுமா? மேல் டெக்குக்குப் போனால் பத்துக் காசு இல்லாமல் கடல். ஏறக்கூடிய வயதுப் பிள்ளை இருக்கும் அறையில் பால்கனி மட்டும் கூடாது. கம்பி உயரம் பெரியவர் நெஞ்சுக்குச் சரி, ஆனால் அங்கேயே இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். நாற்காலியைப் பார்த்தால் மூன்று வயதுக்காரன் என்ன செய்வான்?

"அப்ப அம்மா அப்பாவை உள் ரூம்ல போடறதா? சொந்தக்காரங்க என்ன சொல்லுவாங்க?" என்றார் தெருக்காரர். கடைசியில் இதுதான் கேள்வி. அவரைக் குறை சொல்லமாட்டேன், நல்ல பிள்ளை. நடக்க முடியாதவர்களென்றால் லிஃப்ட் பக்கத்தில் போடுங்கள், மேல் கட்டில் வேண்டாம், குளியலறையில் பிடிக்கக் கம்பி இருக்கிறதா கேளுங்கள். அது தேவை. மற்றபடி எங்கள் வயதில் மரியாதை என்பது பேரப் பிள்ளை எழுந்தால் காதில் விழுகிற தூரம்தான். என்னைக் கடலோடு தனியாக உட்கார வைத்ததை மரியாதை என்று அவன் நினைத்தான், நானும் நினைத்தேன். என் மனைவி மட்டும் அந்த அறைக்குள் நுழைந்ததும், "இவ்வளவு தூரத்துல போட்டுட்டானே" என்றாள். அவளிடம் யாரும் கேட்கவே இல்லை.

அவர் போன பிறகு பெரியவன் மெதுவாகச் சொன்னான், அரைப் பரீட்சை லீவில் நாமும் இன்னொரு தடவை போகலாமா என்று. பெரிய மருமகள் உள்ளேயிருந்து, "மாமா அறை போட்டுக் குடுத்தா வரேன்" என்றாள். ஆகவே இப்போது பென்சிலும் டெக் படமுமாக உட்கார்ந்திருக்கிறேன். நடு டெக், பாபோர் பக்கம், ஒரே நடையில் ஐந்து கதவு. எங்களுக்கு உள் அறை, பேரனுக்கு எங்களோடு கீழ்க் கட்டில். அவனுக்கு இப்போது எட்டு வயது, மேல் கட்டில்தான் வேண்டும் என்கிறான். சின்னவனின் குழந்தை ஓடுகிற வயசு. அவளுக்கு நல்ல சத்தம் வருகிற கொலுசு ஒரு ஜோடி வாங்கவேண்டும் என்று என் மனைவி பொன்னேரிக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறாள்.